அடிவயிறு வீங்கிய பெட்டைக்கோழி: எண்ணெய் ஊற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ராமநாதபுரம் கரையோரம் பெரியபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இரண்டரை வயதுப் பெட்டை, வண்டியில் கொண்டு வந்து விற்றவரிடம் குஞ்சாக வாங்கியது. இரண்டு வாரமாக ஓடில்லாத தோல்முட்டை போட்டதாம். இப்போது ஐந்து நாளாக முட்டையே இல்லை. அடிவயிறு வீங்கி, வாலைத் தொங்கவிட்டு, ஆள் நிற்பது மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டே தூங்குகிறது. பச்சையாகத் தண்ணீராகக் கழிகிறது, பின்பக்க இறகெல்லாம் ஒட்டிக் கிடக்கிறது. விடிந்து பார்த்தாலும் கழுத்தடியில் இருக்கும் இரைப்பை நிரம்பியே இருக்கிறது. பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள், மாமியார் அறுத்துவிடலாம் என்கிறார். என்ன செய்ய?

முதலில் அந்த விளக்கெண்ணெயை எடுத்து அலமாரியில் வையுங்கள் தங்கச்சி. நான் டாக்டர் இல்லை. கால்நடை ஆய்வாளராக 28 வருஷம் இந்தக் கரையோர ஊர்களில் சுற்றி ஓய்வு பெற்றவன், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வீட்டுக் கோழிக்கே வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றினேன். இரண்டு தரம் தலையை உதறியது, மூக்கில் எண்ணெய் வந்தது, மறுநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் விறைத்துக் கிடந்தது. கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கும். வாயைத் திறந்து பாருங்கள், ஒரு சின்னப் பிளவு திறந்து திறந்து மூடும். நேராக ஊற்றினால் எண்ணெய் அதற்குள்தான் போகும். எதைக் கொடுத்தாலும் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அதை மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து, அட்டைப்பெட்டியிலோ பெரிய கூடையிலோ சாக்கு விரித்துத் தனியாக வையுங்கள். நலிந்ததைக் கண்டால் மற்றவை கொத்தும், அதுவும் பின்பக்கம் சிவந்திருந்தால் விடாமல் கொத்தும். எல்லாப் புத்தகத்திலும் பல்ப் போட்டுச் சூடு கொடுக்கச் சொல்வார்கள். நம்மூர் வைகாசி ராத்திரிக்கு அது தேவைப்படாது. காலைத் தொட்டால் சில்லென்று இருந்தால் மட்டும் ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பைப் பெட்டியின் ஒரு மூலையில் தொங்கவிடுங்கள், சூடு தாங்காவிட்டால் விலகிப் போக மறுமூலை இருக்க வேண்டும். தீனியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் இருக்கட்டும், அதுவும் நீங்கள் குடிக்கிற தண்ணீர். ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது.

அப்புறம் ஒரு அகலமான சட்டியில், கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் தண்ணீர் எடுத்து, அடிவயிறு முழுகும் அளவுக்குக் கோழியை உட்காரவையுங்கள். 15 முதல் 20 நிமிஷம். முதலில் திமிறும், பிறகு கண்ணைச் சொக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். ஒட்டிய எச்சம் ஊறிக் கழன்று வரும். பிய்த்து இழுக்காதீர்கள், தோலோடு வரும். கழுவியதும் இறகை விலக்கிப் பின்துவாரத்தைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கருவாடு காயும் ஊரில் ஈக்குப் பஞ்சமில்லை. ஈரமான எச்சத்தில் முட்டை வைத்துவிட்டால் ஒரே நாளில் அரிசி அரிசியாகப் புழு நெளியும். புழு இருந்தால் மற்றதெல்லாம் பிறகு, காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் துண்டால் நன்றாக ஒற்றி, இறகு காயும் வரை காற்றில் விடாமல் வைத்திருங்கள்.

சரி, உள்ளே முட்டை சிக்கியிருக்கிறதா? நகத்தை வெட்டி, கையைக் கழுவி, விரலில் தேங்காயெண்ணெய் தடவி, பின்துவாரத்துக்குள் நேராக, மெதுவாக ஓர் அங்குலம் போல விட்டுப் பாருங்கள். முட்டை இருந்தால் கூழாங்கல் மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும். அப்படியானால் வெந்நீர் வைத்தியத்தை மறுபடி செய்து, துவாரத்தைச் சுற்றி எண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விட்டுவிடுங்கள். பல கோழி ராத்திரியிலேயே போட்டுவிடும். வயிற்றைப் பிதுக்க வேண்டாம், முட்டையை உள்ளேயே உடைக்கவும் வேண்டாம். ஓட்டுச்சில் கிழித்தால் அப்புறம் காப்பாற்றுவது கடினம். விடியும் வரை வரவில்லை என்றால் மருத்துவர் சுண்ணாம்புச்சத்து ஊசி போட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஊசியால் உள்ளிருப்பதை உறிஞ்சி முட்டையைச் சுருக்கி எடுப்பார்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு அது முட்டை அடைப்பாகத் தோன்றவில்லை. ஓடு கட்டிய முட்டை வழியை அடைத்துக்கொண்டு நின்றால் கோழி பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள்தான் தாங்கும். உங்கள் கோழி ஐந்து நாள் நிற்கிறது. அதுவும் இரண்டு வாரம் தோல்முட்டை போட்ட பிறகு. விரலுக்கு எதுவும் தட்டுப்படாவிட்டால் கோளாறு இன்னும் மேலே, முட்டைக்குழாயில்.

அந்தக் குழாயைப் பற்றி நாலு வரி. கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். மஞ்சள் கரு அங்கிருந்து கழன்று குழாயின் வாயில் விழுந்து, முட்டையாக வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம். அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். சுண்ணாம்புச்சத்து போதாமல் ஓடு கட்டாவிட்டால் தோல்முட்டை. கெட்டியான முட்டையைத் தள்ளுவது குழாய்க்குச் சுலபம், வழுவழுவென்று நழுவுகிற தோல்முட்டையைத் தள்ளுவதுதான் பாடு. அது உள்ளேயே உடைந்தால் கரு தேங்கிக் கெடும். கீழேயிருந்து எச்சத்துக் கிருமி ஏறும். சில சமயம் மஞ்சள் கரு குழாயின் வாய்க்குள் விழாமல் வயிற்றுக்குள்ளேயே விழுந்து சீழ் பிடிக்கும். எச்சமும் முட்டையும் கடைசியில் வருவது ஒரே வாசல் வழியாகத்தான், அதனால் ஒன்றின் கோளாறு மற்றதில் தெரியாமல் இருக்காது.

இப்போது அடிவயிற்றைத் தொடுங்கள். நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் பின்துவாரத்துக்கும் நடுவே. ஆனால் முதலில் நல்லாயிருக்கிற கோழி ஒன்றைத் தூக்கித் தொட்டுப் பார்த்துவிட்டு இதைத் தொடுங்கள், இல்லாவிட்டால் கைக்கு ஒன்றும் புரியாது. நல்ல கோழியின் வயிறு பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். நோய்க்கோழியில், தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளதளவென்று இருந்தால் வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. சூடாக, இறுகி, தொட்டதும் கோழி காலை உதைத்தால் அழற்சி. ஒரு பக்கமாகக் கெட்டிக் கட்டி உருண்டால் குழாயில் சீழ் இறுகியிருக்கலாம். அப்படிப்பட்ட கோழி சில சமயம் ஒரு உருண்டையை வெளியே தள்ளும். ரப்பர் மாதிரி, அறுத்துப் பார்த்தால் அவித்த மஞ்சள் கருவை அடுக்கடுக்காகச் சுருட்டியது போல இருக்கும். முட்டை போட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு வீட்டில் அதைத் தூர எறிந்துவிடுவார்கள். எறியாமல் கவரில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

அடைக்கு உட்காரப்போகும் கோழியை இதோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அதுவும் முட்டையை நிறுத்தும், சரியாகத் தின்னாது, நாளுக்கு ஒருதரம் இறங்கி வந்து ஒரு பெரிய நாற்றமெடுத்த எச்சம் போட்டுவிட்டுப் போகும். ஆனால் அது தரையோடு தட்டையாகப் படுத்து, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக் கொக்கொக்கென்று சண்டைக்கு வரும். உங்கள் கோழி நின்றபடி தூங்குகிறது. அது அடை இல்லை.

இனி இரைப்பை. எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் அதையே நோய் என்று பிடித்துக்கொண்டு அமுக்குவார்கள், எண்ணெய் ஊற்றுவார்கள், தலைகீழாகப் பிடித்து வாந்தியெடுக்க வைப்பார்கள். தலைகீழாகப் பிடிப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், உள்ளிருக்கும் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் அங்கேயே முடிந்தது. கோழிக்குக் கீழே வலியும் வீக்கமும் இருந்தால் குடல் நெருக்குண்டு அசைவு குறைந்துவிடும். கீழே போக வழியில்லாதபோது மேலே தேங்கும். ரோட்டில் ஓரிடத்தில் மறியல் என்றால் வண்டிகள் இரண்டு ஊர் தள்ளி நிற்குமே, அது மாதிரி. இரைப்பையை மட்டும் எத்தனை தரம் காலி செய்தாலும் மறுநாள் மறுபடி நிரம்பும்.

இருந்தாலும் அதற்கும் கைவைத்தியம் செய்யத்தான் வேண்டும், தேங்கினது புளிக்கும். சாயங்காலமே தீனியை எடுத்துவிட்டு, விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். நல்ல கோழிக்கு அந்நேரம் தொட ஒன்றும் இருக்காது. பிசைந்த மாவு உருண்டை மாதிரி இறுகி இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் தேங்காயெண்ணெய் அரை டீஸ்பூனும் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் ஐந்து பத்து நிமிஷம் மெதுவாக உருட்டிவிடுங்கள். பகலில் நாலைந்து தரம். தண்ணீர்ப் பை மாதிரித் தளும்பி, வாய்ப்பக்கம் புளித்த கஞ்சி வாடை அடித்தால் அது பூஞ்சைக் கோளாறு. அதற்கு எண்ணெய் பயன்படாது, பூஞ்சைக்கான மருந்து மருத்துவர்தான் எழுத வேண்டும். இந்த நிலையில் தெம்புக்கு என்று கருப்பட்டித் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. வேண்டாம், இனிப்பு அந்தப் பூஞ்சைக்குத்தான் தெம்பு. பழைய சோறும் அப்படியே. ஒரு நாளுக்கு மேல் பட்டினியும் போடாதீர்கள். இரண்டாம் நாளிலிருந்து அவித்த முட்டையை நொறுக்கி ஒரு ஸ்பூன், குழைய வேகவைத்த குருணை ஒரு ஸ்பூன் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள்.

கடற்கரை வீடு என்பதால் இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது. வலை பின்னும், வலை கிழித்துப் போடும் இடத்தில் மேய்கிறதா? தேவிபட்டினத்தில் ஒரு கோழியின் இரைப்பை கல்லாக இறுகிக் கிடந்தது. எதற்கும் அசையவில்லை. மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கீறி, விரலால் நெம்பியபோது ஒரு நுனி வெளியே வந்தது. இழுத்தார், வந்துகொண்டே இருந்தது. தங்கூசி நூல், மீன் பிடிக்கும் நைலான் நரம்பு. மீன் செதில் ஒட்டிய நூலைக் கோழி நாக்குப்பூச்சி என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. அதோடு தேங்காய் நார், சோறு எல்லாம் சேர்ந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டிருந்தது. அந்தக் கோழி பிழைத்து, அதற்குப் பிறகும் முட்டையிட்டது. நூல் நுனி வாயிலோ பின்பக்கமோ தெரிந்தால் இழுக்கக் கூடாது, மறுமுனையில் தூண்டில் முள் இருக்கலாம். மணல் முற்றத்தில் குருணையை வீசி இறைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். தானியத்தோடு பொடிமணலும் சேர்ந்து போய்த் தேங்கும். தட்டில் வையுங்கள். அரவைப்பைக்கு, அதாவது நாம் மாங்காய் என்று சொல்லிச் சமைக்கிறோமே அதற்கு, மிளகளவு கல் வேண்டும். மாவு மணல் அந்த வேலையைச் செய்யாது.

எச்சத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பச்சைக் கழிச்சல் என்றாலே எல்லோரும் பயப்படுகிறார்கள். இரை போகாத குடலில் பித்தம் மட்டும் இறங்கினால் பச்சையாகத்தான் வரும். சாதாரண எச்சத்தில் கரும்பழுப்புக் கட்டியும் அதன் மேல் வெள்ளைத் தொப்பியும் இருக்கும், எட்டு பத்துத் தரத்துக்கு ஒருதரம் களி மாதிரிப் பழுப்பாக நாற்றமாகப் போவதும் வழக்கம்தான். ரத்தம் கலந்தால் அது ரத்தக்கழிச்சல், பெரும்பாலும் குஞ்சுகளுக்கு வருவது. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயாக இருந்தால் ஒன்றோடு நிற்காது, நாலைந்து நாளில் தெருவே காலியாகும். கழுத்துத் திருகும், இறக்கை தொங்கும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். இரண்டு வாரமாக ஒரே கோழி மட்டும் நலிவது அந்த நோயின் குணம் இல்லை. பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊருக்கு வந்து இலவசமாகப் போடும் தடுப்பூசியை மற்றக் கோழிகளுக்குத் தவறவிடாதீர்கள், அவ்வளவுதான் அதைப் பற்றி. குடற்புழு மருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதரம் கொடுப்பதும் நல்லது, ஆனால் இந்த நோய்க்கோழிக்கு இப்போது வேண்டாம், தேறட்டும்.

இனி தண்ணீர். நீங்கள் எழுதியதில் எங்குமே தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம் பக்கத்தில் வீட்டுக்குக் குடிக்கக் காவிரித் தண்ணீரோ குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரோ இருக்கும், ஊருணி நல்லாயிருந்தால் அதுவும். பாத்திரம் கழுவ, மாட்டுக்கு, கோழிக்குக் கிணற்றுத் தண்ணீர். குறை சொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கும் தண்ணீரைக் கோழிச் சட்டியில் ஊற்ற யாருக்கும் மனசு வராது. ஆனால் சித்திரை வைகாசியில் கரையோரக் கிணறு இறங்க இறங்க உப்பு ஏறும். வாயில் ஊற்றிப் பாருங்கள், நாக்கிலேயே தெரியும். தண்ணீர் சுத்திகரித்து விற்கும் கடையில் உப்பளவு பார்க்கும் சின்னக் கருவி இருக்கும், ஒரு டம்ளர் கொண்டு போனால் பார்த்துச் சொல்வார்கள். அதில் எண் 1000-க்குள், அதாவது லிட்டருக்கு ஒரு கிராமுக்குள் இருந்தால் கோழிக்குக் கவலையில்லை. 3000-ஐத் தாண்டினால் கழிச்சல் தண்ணீராகப் போக அதுவே போதும். 5000-க்கு மேல் கொடுக்கவே கூடாது.

உப்பு கழிச்சலோடு நிற்பதில்லை. ஓட்டில் கைவைக்கும். ஆஸ்திரேலியாவில் முட்டைக்கோழிகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். லிட்டருக்கு 2 கிராம் உப்புச் சேர்த்த தண்ணீரைக் குடித்த கோழிகளின் முட்டை ஓடு மெலிந்து, உடைவதும் தோல்முட்டையும் அதிகமானது. தீனியில் சுண்ணாம்புச்சத்து சரியாக இருந்தும் அப்படித்தான். ஓடு கட்டும் இடத்தில் அதைப் படியவைக்கும் வேலையை உப்பு கெடுக்கிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், 2 கிராம் எவ்வளவு சின்ன அளவு பாருங்கள். நம் நாக்குக்கு அது லேசான உவர், அவ்வளவே. அதோடு வெயில். கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்பைக் குளிரவைக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகம் வெளியேறி, ஓடு கட்டத் தேவையான பொருளும் குறைகிறது. இதற்கு மேல் கருவாட்டுத் தலையும் மீன் கழுவிய தண்ணீரும் போட்டால் உப்பு இரு பக்கமிருந்தும் ஏறும். கருவாட்டைச் சுத்தமாக நிறுத்துங்கள். பச்சை மீன் குடல் கிடைத்தால் வேகவைத்துக் கொஞ்சம் போடலாம், அது நல்ல தீனி. உப்பு ஏறிய கோழிக்கு, கழிகிறதே என்று கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைப் பொடி கரைத்துக் கொடுப்பதும் எதிர்வேலை. வெறும் நல்ல தண்ணீர் போதும், மண்சட்டியில், நிழலில், வெயில் நேரத்தில் இரண்டு தரம் மாற்றி.

சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் போடுகிறேன் என்று பலர் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் கணக்கு எட்டாது. ஒரு முட்டை ஓட்டில் ஒன்றரை முதல் இரண்டு கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் இருப்பது 0.35 கிராம்தான், அரிசிக் குருணையில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். மீதியைத் தன் எலும்பிலிருந்து உருவித்தான் கோழி ஓடு கட்டுகிறது. கடலோரத்தில் இருந்துகொண்டு இதற்கு நாம் கடைக்குப் போக வேண்டியதில்லை. காலி மட்டி ஓடு, கிளிஞ்சல் ஒரு கூடை பொறுக்கி, இரண்டு நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து, காயவைத்து, வாணலியில் சூடேற்றி, உரலில் உளுந்தளவுக்கு இடித்து ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள். தீனியோடு கலக்க வேண்டாம். தேவையுள்ள பெட்டை சாயங்காலம் தானாக வந்து கொத்தும், சேவல் திரும்பிக்கூடப் பார்க்காது. பவளப்பாறைத் துண்டை மட்டும் எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, கையில் வைத்திருந்தாலே வழக்கு. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைப்பவர்களும் உண்டு, அது வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கும்.

நோய்க்கோழிக்கு இதெல்லாம் நாளைய வைத்தியம். இன்றைக்கு மருத்துவர் வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் காலையிலேயே கொண்டு போங்கள், தூக்கிப் போக முடியாவிட்டால் 1962-க்குப் போன் செய்து கேளுங்கள். போகும்போது அன்று காலை போட்ட எச்சத்தை ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டு, எத்தனை நாளாகத் தோல்முட்டை, எப்போது நின்றது, விரலுக்கு என்ன தட்டுப்பட்டது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். கோழிதானே என்று அலுத்துக்கொள்கிறவர் எங்காவது இருப்பார், நானும் பார்த்திருக்கிறேன். விவரமாகச் சொன்னால் அலுப்புக் குறையும். குழாய் அழற்சி என்றால் கிருமிக்கான மருந்து ஐந்து நாளோ ஏழு நாளோ கொடுப்பார், வலி வீக்கத்துக்கும் ஏதாவது சேர்ப்பார். இரண்டாம் நாள் தெம்பானதும் மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் மனிதர் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். மருந்து ஓடும் நாளிலும், முடிந்த பிறகு எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்கிறாரோ அத்தனை நாளும் முட்டையைச் சாப்பிடக் கூடாது, குழந்தைக்கு அறவே கூடாது. அதைக் கேட்டுக்கொள்ளாமல் திரும்பி வராதீர்கள். வயிற்றில் நீர் நிறைய இருந்தால் ஊசி வைத்துக் கொஞ்சம் இறக்குவார்கள். மூச்சுத் திணறல் குறையும், ஆனால் நீர் மறுபடி கோக்கும். அடிப்படை நோய் தீராமல் அது தீராது.

பின்பக்கம் சிவப்பாகச் சதை வெளியே தள்ளியிருந்தால் அது வேறு. குளிர்ந்த தண்ணீரில் கழுவி, சர்க்கரையைத் தூவிப் பத்து நிமிஷம் விட்டால் வீக்கம் வற்றும், பிறகு எண்ணெய் விரலால் மெதுவாக உள்ளே அமுக்கி இருட்டில் தனியாக வைக்க வேண்டும். உங்களுக்கு அது இல்லை என்றே தெரிகிறது, ஆனால் முக்கிக்கொண்டே இருந்தால் வரலாம், தினம் பாருங்கள்.

மாமியார் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வண்டியில் விற்றது என்கிறீர்கள். நாட்டுக்கோழி என்று சொல்லியிருப்பார், அநேகமாகக் கிராமப்பிரியா மாதிரி முட்டைக்கென்று உருவாக்கிய இனமாகவோ அதன் கலப்பாகவோ இருக்கும். நம் நாட்டுப்பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சு வளர்ப்பு என்று குழாய்க்கு ஓய்வு கிடைத்துக்கொண்டே இருக்கும். இந்தக் கலப்பு இனங்கள் அடைக்கு உட்காருவது அபூர்வம். வருஷத்துக்கு நாட்டுக்கோழியைப் போல் இரண்டு மடங்கு போடும், இரண்டு வயதைத் தாண்டினால் குழாய் தளர்ந்துவிடும். அதனால் இது பிழைத்தாலும் பழையபடி முட்டை போடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலது முட்டையே போடாமல் இரண்டு வருஷம் கொத்தித் திரியும், சிலதுக்கு மூன்று மாதத்தில் திரும்ப வரும். மருந்து முடிந்தும் வயிறு வற்றவில்லை, நெஞ்செலும்பு கத்தி மாதிரிக் குத்துகிறது, தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கிறது என்றால் இழுத்துக்கொண்டு போவது அதற்குத்தான் வேதனை. அப்போது முடிவெடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அறுத்துக் குழம்பு வைக்க வேண்டாம் என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சீழ் பிடித்த வயிறும் மருந்து ஓடிய உடம்பும் சட்டிக்கு ஆகாது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

இப்போதைக்கு அந்த நிலை வரவில்லை. கொண்டையின் நிறத்தை நீங்கள் எழுதவில்லை, சிவப்பு இன்னும் இருந்தால் எனக்கு நம்பிக்கை உண்டு. நாளைக்கு விடியும் முன் இரைப்பையைத் தொட்டுப் பார்த்து மாவா தண்ணீரா என்றும், வயிறு இடப்பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா முழுக்கவா என்றும், கிணற்றுத் தண்ணீர் அளவு எத்தனை என்றும் எழுதுங்கள். மற்றக் கோழிகளில் எதுவாவது தோல்முட்டை போடுகிறதா என்றும் கூடைக்குள் கைவிட்டுப் பாருங்கள்.